பெருவெள்ளத்தில் அசையாத சிறு மீன்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் குடும்பங்களின் பேச்சில் லோனாவாலா வந்துவிடும். வாலிபர்கள் வண்டி ஏற்பாடு செய்வார்கள். தாய்மார்கள் விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டுவார்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு வேறோர் அருவி, டெல்லியில் இருப்பவர்களுக்கு ரிஷிகேஷ். ஊரில் தாமிரபரணியிலும் குற்றாலத்திலும் கால் நனைத்து வளர்ந்தவர்கள் நாம். ஓடும் தண்ணீரைக் கண்டால் இறங்காமல் இருக்க நம்மால் முடிவதில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, லோனாவாலாவில் புஷி அணைக்கு அருகிலுள்ள அருவி ஓடையில் ஒரு குடும்பத்தார் நின்றுகொண்டிருந்தனர். நீர் திடீரென உயர்ந்தது. பாறையின் நடுவில் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொண்டு நின்ற அவர்களைக் கரையிலிருந்தோர் கைப்பேசியில் படம் பிடித்தனர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் அவர்களை அடித்துச் சென்றது. ஐந்து பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் பிள்ளைகள். அந்தப் படத்தை நான் ஒருமுறைதான் பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்க மனம் துணியவில்லை.

இந்த மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் காரியம் அந்த ஓடைகளின் அடியில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தகைய ஓடைகள் பலவற்றில், வளர்ந்த மனிதரை உருட்டிச் செல்லும் அதே தண்ணீருக்குக் கீழே, விரல் நீளமே உள்ள மீன்கள் கல்லின்மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்குக் கையில்லை, காலில்லை, நகமில்லை. அவை எப்படி அடித்துச் செல்லப்படாமல் நிற்கின்றன?

மீன் பலமாக நீந்துகிறது, ஆகையால் நிற்கிறது என்பதே நமக்கு முதலில் தோன்றும் விடை. அது சரியன்று. இரவும் பகலும் அந்த வேகத்தை எதிர்த்து நீந்த எந்த மீனுக்கும் வலு போதாது. தின்ற உணவெல்லாம் நீந்துவதற்கே செலவாகிவிடும். ஆற்றின் அடித்தளத்தில் வாழும் மீன் நீந்தாமலே நிற்கிறது. தண்ணீரோடு போராடுவதைக் காட்டிலும், தண்ணீரின் பலம் தன்மேல் விழாதபடி பார்த்துக்கொள்வதே அதன் வழி.

உங்கள் வீட்டு மின்விசிறியைச் சற்று நிறுத்திப் பாருங்கள். நாளெல்லாம் வேகமாகச் சுழன்ற அந்த இறக்கையின்மேல் தூசி படிந்திருக்கும். அவ்வளவு காற்றில் தூசி ஏன் பறந்து போகவில்லை? இறக்கையின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடேயே சுற்றுகிறது. அந்த மெல்லிய படலத்தில், இறக்கையை வைத்துப் பார்த்தால், காற்றோட்டம் ஏறக்குறைய இல்லை. ஆற்றிலும் இப்படியே. கல்லைத் தொடும் தண்ணீர் நிற்கிறது. அதற்கு மேலே உள்ளது மெல்ல நகர்கிறது. இன்னும் மேலே போகப் போக வேகம் கூடுகிறது. ஆற்றின் நீரோட்டத்தை அளக்கும் பொறியாளர்கள், மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் 10-இல் 6 பங்கு இறங்கி, அங்கே கருவியை வைத்து அளக்கிறார்கள். அந்த இடத்து வேகமே ஏறக்குறைய முழு ஆழத்தின் சராசரி வேகம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சராசரிக்குக் குறைந்த வேகம். அடித்தளத்து மீன் வாழ்வது அங்கேதான்.

இந்த வேகக் குறைவு நாம் எண்ணுவதைவிடப் பெரிய நன்மையைத் தருகிறது. நீர் தள்ளும் விசை வேகத்தின் இருபடியாக வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆகவே வேகம் பாதியாகக் குறையும் இடத்தில் படுத்திருக்கும் மீன், நான்கில் ஒரு பங்கு விசையை மட்டுமே தாங்கினால் போதும். கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினால் அதுவும் குறைகிறது.

முற்காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர் சிலர், ஓடை உயிர்கள் அந்த அசையாத படலத்துக்குள்ளேயே முழுவதும் மறைந்து வாழ்வதாக எண்ணினார்கள். பின்னாளில் நுட்பமான கருவிகளைக்கொண்டு அளந்தபோது அது அவ்வளவு எளிதன்று என்று தெரியவந்தது. வேகமான ஓடையில் அந்தப் படலம் மிக மெல்லியது. விரல் தடிமன் உள்ள மீனின் முதுகு அதைத் தாண்டி வெளியே நிற்கிறது. இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

தட்டையான வயிறும் வளைந்த முதுகும் உள்ள ஓர் உடலைத் தரையில் வைத்து அதன்மேல் தண்ணீரை ஓடவிட்டால், தண்ணீர் அதைப் பின்னால் தள்ளுவதோடு மேலேயும் தூக்கும். வளைந்த முதுகின்மேல் தண்ணீர் விரைந்து ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. விமானத்தின் இறக்கை வானில் நிற்பதும், புயற்காற்றில் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு கிளம்புவதும் இதே காரணத்தால்தான். நீரோட்டத்தைத் தவிர்க்க மீன் தட்டையாக வேண்டும். தட்டையானாலோ தூக்கப்படும் ஆபத்து. தூக்கப்பட்டுவிட்டால் வேகமான மேல்நீரில் அகப்பட்டு, அரை நிமிடத்தில் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும்.

ஆகையால் அடித்தள மீனின் உடலில் காணும் ஒவ்வொரு காரியமும் ஏதோ ஒரு வகையில் கீழே அழுந்துவதற்கே பயன்படுகிறது. முதலாவது, எடை. ரோகு அல்லது கட்லா மீனை ஆய்ந்த சகோதரிகளுக்கு அதன் வயிற்றில் வெண்மையான பலூன் போன்ற காற்றுப் பை இருப்பது தெரியும். மீன் நீரில் மிதந்து நிற்பது அதனால்தான். வேகமான ஓடையின் அடியில் வாழும் மீன்களுக்கு அந்தப் பை சுருங்கிவிட்டிருக்கிறது. சிலவற்றில் எலும்புக் கூட்டுக்குள் அடைபட்ட சிறு குமிழாகவே எஞ்சியுள்ளது. மிதக்க முடியாமை மற்ற மீனுக்குக் குறை. இதற்கு அதுவே நங்கூரம்.

அடுத்தது, மார்புத் துடுப்புகள். குளிர்நாட்டு ஆறுகளில் சால்மன் மீனின் குஞ்சுகள் தங்கள் அகன்ற மார்புத் துடுப்புகளைப் பக்கவாட்டில் விரித்துக் கற்களின்மேல் ஊன்றி நிற்கும். முன் ஓரம் தாழவும் பின் ஓரம் உயரவும் சாய்த்து வைத்தால், மேலே மோதும் நீரே துடுப்பைக் கீழே அழுத்தும். பந்தயக் கார்களின் பின்னால் தலைகீழ் இறக்கை ஒன்றைப் பொருத்துவதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். அந்தத் தத்துவமே இது. வேகம் கூடக் கூட அழுத்தமும் கூடும் என்பது இதன் அழகு. தன்னைத் தள்ளும் நீரையே மீன் தன் பிடிமானமாக மாற்றிக்கொள்கிறது.

நம் தேசத்து மலை ஓடைகளில் இவை போதா. செரபுஞ்சியைச் சுற்றிலும் மழை பெய்வதுபோலப் பெய்தால் எந்தத் துடுப்பும் தாங்காது. அங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும். இதை ஆராய்ந்தவர் நம் நாட்டவரான சுந்தர் லால் ஹோரா. 1896-ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் உள்ள ஹஃபீசாபாத்தில் பிறந்தவர், லாகூரில் பயின்றவர். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைவர் நெல்சன் அன்னண்டேல் 1919-இல் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். காசி மலைகளின் ஓடைகளில் இறங்கி, கற்களைப் புரட்டி, அங்கு வாழும் மீன்களையும் பூச்சிகளையும் ஹோரா உற்றுப் பார்த்தார். வெள்ளத்தில் வாழும் உயிர்களின் ஒட்டும் உறுப்புகளைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1930-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. 1947-இல் அதே ஆய்வகத்தின் இயக்குநரானார், 1955-இல் மறைந்தார். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் இவர் பெயரை நான் கண்டதில்லை. இருந்திருக்க வேண்டிய பெயர்.

ஹோரா கண்டவற்றில் மூன்று வகைகளை மட்டும் சொல்லுகிறேன்.

காரா என்னும் மீனின் வாய் தலைக்கு அடியில் இருக்கிறது. கீழ் உதட்டுக்குப் பின்னால், தாடையில், ஒரு வட்டமான சதைத் தட்டு உண்டு. அதன் ஓரம் சிறு சிறு மணிகளால் சொரசொரப்பாக இருக்கும். அதைக் கல்லின்மேல் பதித்து அழுத்தி மீன் தங்கிவிடுகிறது. கல்லில் படிந்த பாசியையும் சுரண்டித் தின்கிறது. ஆப்பிரிக்கா முதல் சீனா வரை நூற்றுக்கும் மேற்பட்ட காரா இனங்கள் வாழ்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் உண்டு. நகரத்து மால்களில் காலைத் தொட்டிக்குள் விட்டு மீனைக் கொறிக்கவிடும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பேர்பெற்றது மேற்கு ஆசியாவைச் சேர்ந்த காரா ரூஃபா என்னும் இனம். கல்லில் பாசி சுரண்டப் பெற்ற வாயை நம் குதிகாலில் வேலை வாங்குகிறார்கள். வேதத்தில் நாம் அடிக்கடி வாசிக்கும் யோர்தானும் சவக்கடலும் உள்ள வடிநிலத்திலும் காரா உண்டு. அங்குள்ள ஓர் இனம் 2014-இல் தனியாக அடையாளம் காணப்பட்டு, காரா ஜோர்டானிகா என்று பெயர் பெற்றது.

இரண்டாவது, கிளிப்டோதொராக்ஸ் என்னும் சிறு கெளுத்தி. இதற்கு ஒட்டும் உறுப்பு மார்பில் இருக்கிறது. இரு மார்புத் துடுப்புகளுக்கும் நடுவே தோல் நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கும். கொசுவம் வைத்த சேலையின் மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இமயமலை ஓடைகளில் வாழும் இதன் உறவினமாகிய சூடெகினீஸ் மீனுக்கோ அந்த மடிப்புகள் குறுக்குவாக்கில், ஏணிப்படிபோல இருக்கின்றன. இத்தகைய உறுப்புகளின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கொம்புப்பொருள் முட்கள் காணப்படும். வழுவழுப்பான கல் என்று நாம் எண்ணும் பரப்பிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. முட்கள் அவற்றில் கொளுவிக்கொள்கின்றன.

மூன்றாவது, மலை ஓடை அயிரைகள். அயிரை என்றவுடன் மதுரைப் பக்கத்தார் குழம்பை நினைப்பார்கள். அந்த அயிரையைப் பற்றிப் பின்னர் வருகிறேன். இவை வேறு குடும்பம். உடலை மேலிருந்து அழுத்திச் சப்பையாக்கியது போன்ற வடிவம். மார்புத் துடுப்பும் வயிற்றுத் துடுப்பும் கிடைமட்டமாக விரிந்து உடலைச் சுற்றி ஒரு விளிம்பு கட்டியதுபோல நிற்கும். வெளிப்பக்கத்துத் துடுப்புக் கதிர்கள் கல்லைப் பற்றிக்கொள்ள, உள்பக்கத்துக் கதிர்கள் ஓயாமல் அசைந்து, வயிற்றுக்கடியில் கசிந்துவரும் நீரை வெளியேற்றுகின்றன. முழு உடலே ஓர் உறிஞ்சு கிண்ணம் ஆகிவிடுகிறது. இக்குடும்பத்தில் பவானியா என்றொரு மீன் உண்டு. நீலகிரி அடிவாரத்துப் பவானி ஆற்றின் பெயரை 1920-இல் ஹோராவே அதற்குச் சூட்டினார்.

ஒட்டிக்கொண்டால் மூச்சு விடுவது எப்படி? மீன் வாயால் நீரை இழுத்துச் செவுள் வழியாக வெளியே விட வேண்டும். அந்த வாயே கல்லில் பதிந்திருந்தால்? தென்கிழக்கு ஆசியாவில் வாழும் கைரினோகீலஸ் என்னும் மீனுக்குச் செவுள் மூடியின் மேற்பக்கத்தில் தனியாக இன்னொரு திறப்பு இருக்கிறது. அதன் வழியே நீர் உள்ளே வருகிறது, கீழ்த் திறப்பின் வழியே வெளியேறுகிறது; வாய் தன் பிடியை விட வேண்டியதில்லை. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் மீன் என்று இதை நகரங்களில் விற்கிறார்கள். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு மீன், தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்தி. அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சிறிதாக வாங்கியது தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிடும். இரக்கப்பட்டு ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். அப்படி விடப்பட்டவை கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், வங்காளம் எனப் பல இடங்களில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

நிற்கும் மீன் எப்போதும் நீர் வரும் திசையை நோக்கியே நிற்கும். உடல் வடிவம் அந்தத் திசைக்கே பொருந்தும். செவுளுக்கு நீரும் வாய்க்கு இரையும் எதிரேயிருந்தே வரும். கலங்கிய நீரில், இருளில், திசையை எப்படி அறிகிறது? கண்ணால் கரையின் கற்களைப் பார்த்தும், வயிற்றால் தரையைத் தொட்டும் அறிகிறது என்று வெகுகாலம் கருதினர். அதுவும் உண்மையே. ஆனால் மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் உணர்வுக் கோட்டின் மேலுள்ள நுண்ணிய உணர்வு மொட்டுகளும் நீரோட்டத்தின் திசையைச் சொல்லுகின்றன என்று 1997-இல் ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தனர்.

இங்கே ஒரு விந்தையையும் சொல்லாமல் போக மனமில்லை. கல்லுக்குப் பின்னால் நீர் சுழிகளாகச் சுருண்டு, இடமும் வலமும் மாறி மாறிப் பிரிந்து செல்லும். டிரவுட் மீன் அந்தச் சுழிகளுக்கு இசைய உடலை வளைத்துக்கொடுத்தால் தசைக்கு மிகக் குறைந்த வேலையே ஆகிறது என்று 2003-இல் அமெரிக்காவில் கண்டனர். 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அதே சுழிகளில் இறந்த டிரவுட் ஒன்றையே வைத்தனர். உயிரற்ற அந்த உடல் சுழிகளால் அசைக்கப்பட்டு, நீரோட்டத்தை எதிர்த்து முன்னே சென்றது.

இவ்வளவு ஏற்பாடுகளும் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன. சுத்தமான கல் வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சந்து வேண்டும். மலைச்சரிவில் சாலை வெட்டும் மண்ணும், சுரங்க மண்ணும் ஓடையில் சரிந்தால் அந்தச் சந்துகள் அடைபடுகின்றன. சேறு மூடிய கல்லில் எந்த உறிஞ்சு தட்டும் பிடிக்காது, பாசியும் வளராது. ஹோரா நடந்த மேகாலயாவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஜெயிந்தியா மலையில் நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீர் கலந்ததால், லூகா ஆறு குளிர்காலத்தில் மை கலந்ததுபோல நீலமாக ஓடியது, மீன்கள் செத்தன. எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை செய்தது. இமயத்திலோ நீர்மின் அணைகள் ஆற்றைக் குகைக்குழாய்க்குள் திருப்பிவிட, பல கிலோமீட்டர் தூரம் வெறும் கல்லே மிஞ்சுகிறது. கங்கையின் மேற்பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை மாதச் சராசரி நீரோட்டத்தில் 20 விழுக்காடு, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு நீரை ஆற்றிலேயே விட வேண்டும் என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அந்த அளவு போதுமா என்று கேட்டால், குளிர்காலத்தில் 5 பங்கில் ஒரு பங்கு நீர் மட்டுமே எஞ்சிய ஆறு ஆறாயிருக்குமா என்பதே என் கேள்வி.

மதுரை அயிரையின் கதை வேறு. அது கல்லில் ஒட்டாது. ஆற்று மணலுக்குள் புகுந்து, கண் மட்டும் வெளியே தெரியப் படுத்துக்கொள்ளும். நீரோட்டத்துக்கு ஒதுங்க அதற்கு மணலே வீடு. மணலை அள்ளி லாரியில் ஏற்றியபோது எந்த வீட்டை ஏற்றினோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் காரியத்துக்கு வருவோம். மீனுக்குப் பொருந்தும் அதே கணக்கை மனிதனுக்குப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் அளவு நீரில் நிற்கும் பெரியவரின் இரு கால்கள்மேல், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது மெதுவாக நடக்கும் வேகத்தில், ஓடும் நீர் ஏறக்குறைய 6 கிலோ எடையளவு தள்ளுகிறது. வேகம் 2 மீட்டரானால் 24 கிலோ. 3 மீட்டரானால் 54 கிலோ. நீர் இடுப்புக்கு ஏறினால் தள்ளப்படும் பரப்பு கூடுகிறது. அதோடு உடல் பாதி மிதப்பதால் பாதம் தரையில் அழுந்தும் எடையும் குறைகிறது. மீன் மெதுவான நீரில் தட்டையாகப் படுக்கிறது. நாம் வேகமான நீரில் கம்பம்போல நிற்கிறோம். பிள்ளைக்கோ நமக்கு முழங்கால் என்பது இடுப்பு. லோனாவாலாவில் அந்தக் குடும்பம் கட்டிப்பிடித்து நின்றது அன்பினால். நீரின் கணக்கில் அது தள்ளப்படும் பரப்பைப் பெரிதாக்கியது, ஒருவர் கால் வழுக்கியவுடன் எல்லாரையும் இழுத்தது.

நீர் உயர மழை அங்கேயே பெய்ய வேண்டியதில்லை. தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் பெய்த மழை வந்து சேரும். அணைக்குக் கீழேயானால் மழையே வேண்டாம்: 2014 ஜூன் 8-ஆம் தேதி இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த 24 பொறியியல் மாணவர்கள், மேலேயிருந்த நீர்மின் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரில் மாண்டனர். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, ஓசை கனப்பது, சற்றுமுன் தெரிந்த கல் மறைவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் பாத்திரத்தையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். ஆற்றின் நடுவிலுள்ள பாறைக்கு ஏறாதீர்கள்.

மீனைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளை மழை ஓய்ந்த டிசம்பரில் அழைத்துச் செல்லுங்கள். கணுக்கால் அளவு தெளிந்த நீர் போதும். நிழல் நீரில் விழாதபடி சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்தால், கல்லின் நிறத்திலேயே இருக்கும் ஒரு சிறு உடல் அரை அடி முன்னே பாய்ந்து மறுபடியும் ஒட்டிக்கொள்வதைக் காண்பார்கள். எந்தக் கல்லைப் புரட்டினாலும், புரட்டியபடியே விட்டுவிடாமல் அதே முகம் அடியில் வரும்படி மெதுவாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கீழ்ப்புறத்தில் பூச்சிகளின் முட்டைகள் ஒட்டியிருக்கும்.